எக்ஸ்ரேயில் தெரியாத மீட்சி: பெரிய எலும்பு முறிவுக்குப் பிறகு மனம் தேறும் விதம்

பெரிய எலும்பு முறிவிலிருந்து மீண்டவர்களிடம் எந்தக் காலம் மிகவும் கொடியதாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அடிபட்ட நாளின் வலியைச் சொல்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் பலர் சொல்வது, கட்டைப் பிரித்து எக்ஸ்ரேயைப் பார்த்து, "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்கலாம்" என்று மருத்துவர் சொன்ன பிறகு வந்த மாதங்களைத்தான்.

அந்த நாளோடு எல்லாம் முடிந்தது என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நலம் விசாரிக்க வருபவர்கள் குறைகிறார்கள். எப்போது வேலைக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று அலுவலகம் கேட்கத் தொடங்குகிறது. இத்தனை நாள் ஓடியாடிப் பார்த்துக்கொண்ட வீட்டாருக்கும் களைப்புத் தட்டியிருக்கும். அடிபட்டவரோ மாதக்கணக்கில் மறைந்திருந்த தன் காலை அப்போதுதான் முழுதாகப் பார்க்கிறார். தொடை சூம்பியிருக்கிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது, தோல் வறண்டு உரிகிறது. கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னதற்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றுகிறது. கட்டுப் பிரித்ததும் சரியாகிவிடும் என்று அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டே நாட்களை ஓட்டியவருக்கு, இனிப் பிடித்துக்கொள்ளத் தேதி எதுவும் இல்லை.

இந்தக் கட்டத்தில் ஒருவர் தேறி எழுவதும் எழாமல் போவதும் அவருடைய தைரியத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது தவறு மட்டுமல்ல, எழ முடியாமல் தவிப்பவர் மேல் ஏற்றிவைக்கும் கூடுதல் சுமையும்கூட. மனம் மீள்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, அடிபட்டவருக்கு வெளியே இருக்கின்றன.

உடம்பின் கணக்கு

முதலில் எலும்பு. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி வீக்கம் வருகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பும் நாரிழைகளும் சேர்ந்த மென்மையான இணைப்பு உருவாகிறது. அடுத்த சில மாதங்களில் அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுகிறது. எக்ஸ்ரேயில் மருத்துவர் தேடுவது இந்த இறுகிய இணைப்பைத்தான். மணிக்கட்டு முறிவுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் போதுமானதாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தால் நான்கு முதல் ஆறு மாதம்கூட ஆகும். அதன் பிறகும் உடம்பு ஓய்வதில்லை. தேவைக்கு மேல் சேர்ந்ததைக் கரைத்து, பளு விழும் திசையில் புதிதாக இட்டு, பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தன்மேல் விழும் பளுவுக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் ஒரு விதியாகவே வகுத்து வெளியிட்டார்.

உடைந்து கூடிய எலும்பு முன்னைவிட உறுதியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வதுண்டு. அது சரியல்ல. சில காலம் முறிந்த இடம் தடித்திருக்கும் என்பது உண்மை. உடம்பு அதைச் செதுக்கி முடித்த பின், பெரும்பாலும் பழைய அளவு வலுதான் மிஞ்சுகிறது. மாதக்கணக்கில் பளு தாங்காத பக்கத்து எலும்புகளோ சுண்ணாம்புச் சத்தை இழந்து பலவீனப்பட்டிருக்கும். இதே நம்பிக்கையை மனிதர்கள் விஷயத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதால்தான் இதை இங்கே குறிப்பிடுகிறேன். அதைப் பின்னால் பார்ப்போம்.

தசைகள் எலும்பைவிட அவசரக்காரர்கள். அசையாமல் கிடக்கும் தொடைத் தசை ஓரிரு வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிகிறது. இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கோ அதைப்போலப் பல மடங்கு காலம் பிடிக்கிறது. மூளையும் இதில் தப்புவதில்லை. வலக்கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்த பத்துப் பேரின் மூளையை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. இரண்டு வார அளவிலேயே, அந்தக் கையை இயக்கும் மூளைப் பகுதியின் புறணி, அதாவது வெளியடுக்கு, மெலிந்திருந்தது. எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்ட இடக்கைக்குரிய பகுதி தடித்திருந்தது. பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் "இது என் கால் மாதிரியே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது அது வெறும் கற்பனை அல்ல என்பதை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது. அந்த அந்நிய உணர்வு பலருக்கு வருகிறது, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் எத்தனையோ பேர் தனக்கு என்ன ஆயிற்றோ என்று பயப்படாமல் இருப்பார்கள்.

எடைக்கருவியின் முள்

அடிபட்ட உறுப்பை அசைத்தால் மறுபடி உடைந்துவிடும் என்ற பயத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. அசைவு அச்சம் என்று சொல்லலாம். 1990இல் அதற்குப் பெயரிட்டவர்கள், அது சாதாரணத் தயக்கம் அல்ல, ஆளையே முடக்கிப்போடும் அளவுக்கு மிகையான பயம் என்று விளக்கினார்கள். இந்தப் பயம் எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்பதை யோஹான் வ்லாயன், ஸ்டீவன் லின்டன் ஆகிய உளவியலாளர்கள் 2000இல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் பேசியது தசை, எலும்பு சார்ந்த நாள்பட்ட வலியைப் பற்றி. முறிவு கண்டவர்களிடமும் அதே சுழல்தான் தெரிகிறது. வலிக்கிறது, வலி என்றால் சேதம் என்று மனம் முடிவுகட்டுகிறது, அசைவைத் தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்கத் தசை இன்னும் மெலிகிறது, மூட்டு இன்னும் இறுகுகிறது. அதனால் சிறிய அசைவுக்கும் வலி கூடுகிறது. பயந்தது சரிதான் என்று மனம் தனக்கே சான்று கொடுத்துக்கொள்கிறது.

இந்தச் சுழலை உடைக்கும் வேலை எவ்வளவு எளிய கருவியால் நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அடிபட்ட காலில் பதினைந்து கிலோ மட்டும் ஊன்றலாம் என்று மருத்துவர் அனுமதிக்கிறார். பதினைந்து கிலோ என்றால் எவ்வளவு? கால் அதை எப்படி அறியும்? பிசியோதெரபிஸ்ட் உடல் எடை பார்க்கும் சாதாரணக் கருவியைத் தரையில் வைக்கிறார். நல்ல காலுக்கு அடியில் அதே உயரத்தில் ஒரு பலகை. கைகள் இரண்டும் பிடிமானக் கம்பியில். இப்போது அடிபட்ட பாதத்தைக் கருவியின் மேல் வைத்து மெல்ல அழுத்தச் சொல்கிறார். நோயாளியின் நெற்றி வியர்க்கிறது, மூச்சு நின்றுபோகிறது, உடம்பின் மொத்தக் கனமும் அந்தக் காலில் இறங்கிவிட்டதாக அவர் உணர்கிறார். குனிந்து பார்த்தால் முள் நான்கில் நிற்கிறது. சற்று அழுத்துகிறார், ஆறு. எதுவும் உடையவில்லை. ஒன்பது. பதினைந்தைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடி அதே அளவை மீண்டும் கொண்டுவரச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். இங்கே பழகுவது கால் மட்டும் அல்ல. வலி வேறு, சேதம் வேறு என்பதை மனம் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறது. "பயப்படாதீர்கள்" என்று நூறு முறை சொல்வதைவிட அந்த முள் அதிகம் சொல்கிறது.

படிக்கட்டுப் பயிற்சியிலும் இதுவே நடக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பது விதி. ஏறப் பழகிய பலர் இறங்குவதற்கு வாரக்கணக்கில் தயங்குவார்கள், ஏனென்றால் கீழே விழுந்துவிடும் ஆழம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கோ விழுந்துவிடுவோம் என்ற பயமே இரண்டாவது நோயாகிவிடுகிறது. விழக் கூடாது என்று நடமாட்டத்தைக் குறைக்கிறார்கள், அதனாலேயே கால் வலுவிழந்து விழும் ஆபத்து கூடுகிறது. "நீங்கள் எழுந்திருக்காதீர்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று அன்போடு சொல்லும் பிள்ளைகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீர்

அமெரிக்காவில் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களில், காலில் மிகக் கடுமையான காயத்தோடு வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. காலைக் காப்பாற்றிச் சீரமைப்பதா, அகற்றிச் செயற்கைக் கால் பொருத்துவதா, எது நல்லது என்பதுதான் ஆய்வாளர்களின் முதல் கேள்வி. 569 பேரின் நிலையை வைத்து 2002இல் வெளியான முடிவு பலரை யோசிக்கவைத்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் செயல்திறனில் பெரிய வேறுபாடு இல்லை. வேலைக்குத் திரும்பியவர்கள் ஒரு தரப்பில் 53 சதவீதம், மறு தரப்பில் 49.4 சதவீதம். உண்மையில் வேறுபாட்டை உண்டாக்கியவை வேறு: வறுமை, குறைந்த கல்வி, காப்பீடு இல்லாமை, தாங்கிப்பிடிக்க மனிதர்கள் இல்லாமை, புகைப்பழக்கம், இழப்பீட்டு வழக்கு, மறுபடி என் வேலைகளை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையின் குறைவு. அறுவை மேசையில் நடந்ததைவிட, அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதரைச் சுற்றி இருந்தவையே அவர் எழுவதைப் பெரிதும் தீர்மானித்தன.

அதே ஆய்வில் பங்கேற்றவர்களின் மனநிலையைத் தனியாக ஆராய்ந்த அறிக்கை 2003இல் வந்தது. மூன்றாம் மாதத்தில் 48 சதவீதம் பேரிடம் உளநலப் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிந்தன. இருபத்து நான்காம் மாதத்திலும் அது 42 சதவீதம். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நாம் சொல்கிறோம், இரண்டு ஆண்டுக் காலம் இங்கே ஆற்றியது மிகக் கொஞ்சம். இவர்களில் மனநல உதவி ஏதேனும் கிடைத்ததாகச் சொன்னவர்கள் மூன்றாம் மாதத்தில் 12 சதவீதம், இரண்டு ஆண்டு முடிவில் 22 சதவீதம் மட்டுமே. எலும்புக்கு இத்தனை கவனிப்பு, அந்த எலும்பை உடைய மனிதருக்கு இவ்வளவுதானா என்று இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மனம் ஏன் இப்படி நொறுங்குகிறது என்பதற்குப் பெரிய தத்துவம் தேட வேண்டியதில்லை. இரண்டு கக்கத்துக் கட்டைகளை ஊன்றி நடப்பவருக்கு இரண்டு கைகளும் இல்லாமல் போகின்றன. ஒரு டம்ளர் தண்ணீரைச் சமையலறையிலிருந்து கட்டில்வரை கொண்டுபோக அவரால் முடியாது. அடுப்படியிலேயே நின்று குடிக்க வேண்டும், அல்லது யாரையாவது கூப்பிட வேண்டும். கழிப்பறைக்குப் போகவும் கூப்பிட வேண்டும், கீழே விழுந்த போனை எடுக்கவும் கூப்பிட வேண்டும். ஒரு நாளில் இருபது முறை கூப்பிட வேண்டிய இடத்தில் கூச்சப்பட்டுப் பத்து முறை கூப்பிடுகிறார், மீதிக்குத் தாகத்தை அடக்கிக்கொள்கிறார். இதுவரை மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே வாழ்ந்தவர்களுக்கு இந்த நிலை இன்னும் கடினம். வாங்கிக்கொள்வது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. எரிச்சலாக வெளிப்படுவது பல நேரங்களில் இந்தக் கூச்சம்தான். தோளில் மாட்டும் பையும் மூடி இறுகிய தண்ணீர் பாட்டிலும் இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். சொன்னால் அற்பமாகத் தோன்றும். தானே தண்ணீர் கொண்டுபோய்க் குடித்தவரின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொற்கள், தன் உடலின் படபடப்பையும் களைப்பையும் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதே மிக வலியது. வெறும் ஊக்கச் சொல்லுக்கு அந்த வலு இல்லை. ஆனால் நோயாளியைப் பார்க்கப் போகிற நாம் கையில் எடுத்துப்போவது பெரும்பாலும் அந்தச் சொற்களைத்தான். "தைரியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதற்குப் பதிலாக, இதே முறிவிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒருவரை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினால் அது இரண்டாவது ஊற்றைத் திறக்கும். அவர் தழும்பைக் காட்டி, "எனக்கு நான்காம் மாதத்தில்தான் படி இறங்க வந்தது" என்று சொன்னால் போதும்.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்

மீள்வது ஒன்று, வளர்வது இன்னொன்று. பெரிய இழப்புக்குப் பிறகும் ஓரளவு நிலைகுலையாமல் அன்றாட வாழ்க்கையை நடத்துவது அரிதான வீரம் அல்ல, நாம் நினைப்பதைவிடப் பரவலானது என்று உளவியலாளர் ஜார்ஜ் பொனானோ 2004இல் வாதிட்டார். குழந்தைகளின் மீள்திறனை ஆராய்ந்த ஆன் மாஸ்டன், அது அபூர்வமான குணத்திலிருந்து வருவதில்லை, சாதாரணமான உறவுகளும் பழக்கங்களும் தொடர்ந்து இயங்குவதிலிருந்தே வருகிறது என்று 2001இல் எழுதினார். எனக்கு இது மிகவும் ஆறுதல் தரும் செய்தி. அசாதாரண மனிதராக மாற வேண்டியதில்லை என்று அது சொல்கிறது.

வளர்ச்சி என்ற கருத்தை முறையாக வடித்தவர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் ஆகிய உளவியலாளர்கள். 1996இல் அவர்கள் வெளியிட்ட 21 கேள்விகள் கொண்ட அளவுகோல், உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள் புலப்படுதல், தன் வலிமையை உணர்தல், ஆன்மிக மாற்றம், வாழ்வின் அருமையை அறிதல் ஆகிய ஐந்து திசைகளில் மாற்றத்தைத் தேடுகிறது. அவர்கள் வலியுறுத்திய ஒன்றை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். வளர்ச்சியைத் தருவது விபத்து அல்ல, அதற்குப் பின் ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிய பழைய எண்ணங்களோடு நடத்தும் போராட்டம். வளர்ச்சி வந்துவிட்டால் துயரம் போய்விடும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் இருக்கலாம்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1925 செப்டம்பரில், பதினெட்டு வயதில், அவர் பயணம் செய்த பஸ் ஒரு டிராமோடு மோதியது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கழுத்துப்பட்டை எலும்பும் முறிந்தன, வலக்காலில் பதினொரு முறிவுகள். மருத்துவம் படிக்க எண்ணியிருந்தவர், கட்டிலுக்கு மேலே மாட்டிய கண்ணாடியில் தன்னைப் பார்த்து, படுக்கையில் கிடந்தபடி வரைவதற்கென்று செய்த பலகையில் வரையத் தொடங்கினார். உலகம் இதுவரைதான் சொல்கிறது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் வலியோடும் தொடர் அறுவை சிகிச்சைகளோடும் வாழ்ந்தார் என்பதையும், 1953இல் அந்த வலக்காலையே முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாழ்க்கை முழுமையாகும். ஓவியங்கள் வலிக்குக் கிடைத்த விலை அல்ல. வலி இருந்தது, ஓவியங்களும் இருந்தன.

விளையாட்டு வீரர்களின் மீட்சிக் கதைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் அலெக்ஸ் ஸ்மித்துக்கு 2018 நவம்பரில் கால் எலும்புகள் முறிந்தன. தொற்று ஏறி உயிருக்கே ஆபத்தாகி, 17 அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2020 அக்டோபரில் மறுபடி களம் இறங்கினார். அவருடைய உறுதியில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் போரில் காயமுற்ற ராணுவத்தினருக்கென அமைந்த மறுவாழ்வு மையத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பும், வேலை போய்விடுமோ என்ற கவலை இன்றி உடம்பைத் தேற்றிக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசமும் அவருக்கு இருந்தன. நின்றுகொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய ஒருவரிடம் இந்தக் கதையை மட்டும் காட்டி "அவரால் முடிந்ததே" என்று சொல்வது நியாயமல்ல.

அடிபட்டவர் உறுதியாவார் என்ற நம்பிக்கைக்கு இப்போது வருவோம். நான் வளர்ந்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்வதும் உண்மையில் அவர் மாறியிருப்பதும் ஒன்றுதானா? உளவியலாளர் பாட்ரீஷியா ஃப்ரேசியரும் உடன் ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களை ஒரு துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுக்கும் பெரிதாகத் தொடர்பு இல்லை என்று கண்டார்கள். இதனால் வளர்ச்சி பொய் என்று ஆகிவிடாது. துயரத்தைத் தாங்க நாமே சொல்லிக்கொள்ளும் கதையும் மெய்யான மாற்றமும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். மெய்யான மாற்றம் பெரும்பாலும் பேச்சில் தெரியாது, நடத்தையில் தெரியும். முன்பு யாரிடமும் உதவி கேட்காதவர் இப்போது கேட்கிறார், வரிசையில் மெதுவாக நகரும் முதியவருக்குப் பின்னால் பொறுமையாக நிற்கிறார், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு முடிவை எடுக்கிறார். இவை எதுவுமே வராமல், வெறுமனே பழைய வாழ்க்கைக்குத் திரும்பினாலும் அது முழுமையான வெற்றிதான். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று மூன்றாம் மாதத்தில் ஒருவரிடம் கேட்பது கொடுமை. அப்போது அவர் தூங்கக் கற்றுக்கொண்டிருப்பார்.

எப்போது உதவி தேவை

முதல் சில வாரங்களில் அழுகை வருவதும், விபத்துக் காட்சி கண்முன் வந்து போவதும், தூக்கம் கெடுவதும் இயல்பு. அவை வாரங்கள் கடந்தும் குறையாமல் இருந்தால், பிரேக் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கினால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், வலி குறைந்த பிறகும் வலி மாத்திரையை விட முடியாவிட்டால், பயிற்சிக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடிக்கொண்டே இருந்தால், அது மனஉறுதிக் குறைவு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வாயில் வந்தாலும் அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணங்களையும் தவிர்ப்பையும் படிப்படியாகக் கையாளக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தேவையானவர்களுக்கு மருந்து, இரண்டுமே பயன் தரக்கூடியவை. இவை பிசியோதெரபியோடு சேர்ந்து நடப்பது நல்லது, ஏனென்றால் பயமும் காலும் ஒரே அறையில்தான் பழகுகின்றன.

இவர்களை எலும்பு மருத்துவர்களே கண்டுபிடிப்பது கடினமும் அல்ல. எலும்புக் காயத்தோடு வந்த 580 பேரிடம் செய்து 2004இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 51 சதவீதம் பேரின் விடைகள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அளவுகோலுக்குள் வந்தன. கேள்வித்தாளை வைத்துச் சொன்ன எண் இது, மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்ததல்ல. ஆனால் அந்த ஆய்வு ஒரு வாக்கியத்தைத் தனியாக எடுத்துக்காட்டியது: "இந்தக் காயத்தால் வந்த உடல் துன்பத்தைவிட மனத் துன்பமே எனக்குக் கடினமாக இருக்கிறது." இதை ஆம் என்று ஒப்புக்கொள்பவர்களிடம் அந்த நோய் இருக்கும் வாய்ப்பு மிகுதி. மறுபரிசோதனைக்கு வருபவரிடம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நேரத்துக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டு முடித்துவிடலாம். ஆம் என்ற பதில் வந்தால், பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதும் அதே கையால் மனநல மருத்துவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போகும் நாளில் வீட்டில் ஒருவர் கூடப் போக வேண்டும்.